கையில் பலம் இருக்கிறது, ஊசிக்கண் மட்டும் ஏன் தப்புகிறது?

46 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். பதினெட்டு வயதிலிருந்து தையல்தான் அவருக்குத் தொழில். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, நான்கு பக்கக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பத்து வாரங்களுக்கு முன் ஒரு காலையில் எழுந்ததும் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. அடுக்கடுக்காக வாந்தி. சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை, பேச்சு குழறியது. முதலில் போன இடத்தில் காதுக் கோளாறாக இருக்கும் என்று வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை எடுத்த சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான், வலது சிறுமூளையின் மேற்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டிருப்பது தெரிந்தது. எட்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் அவர் எழுதுவதை அப்படியே தருகிறேன்: “தண்ணீர் நிறைந்த வாளியை வலது கையால் தூக்குகிறேன் டாக்டர். அதே கையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தூரத்தில் வரும்போது நேராகத்தான் வருகிறது. ஊசிக்கண் பக்கத்தில் வந்ததும் கை இரண்டு பக்கமும் ஆடி, நூல் தாண்டிப் போய்விடுகிறது. நேற்று மகளின் சட்டையில் ஒரே ஒரு பட்டன் தைக்க அரை மணி நேரம் ஆனது. தைத்து முடித்துவிட்டு அழுதேன்.”

மிதி மெஷினில் காலும் கையும் ஒத்துப்போவதில்லை. மூன்று பேருடைய அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு துணி வெட்டியவர், இப்போது ஒன்றிலேயே தடுமாறுகிறார். தெருவில் அவர் நடப்பதைப் பார்த்த இருவர், குடித்திருக்கிறாரோ என்று பேசிக்கொண்டது காதில் விழுந்ததிலிருந்து வெளியே போவதையே குறைத்துவிட்டார். கணவர் “மனசு வெச்சா முடியும், நீ பயப்படுற” என்கிறார். உறவினர் ஒருவர் இது பார்க்கின்சன் நோய் என்று சொல்லி, தன்னிடம் இருந்த மாத்திரையையும் கொடுத்திருக்கிறார். ஓரிடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சிறுமூளை புதிதாக வளரும் என்று பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். இவர் தினமும் நூறு முறை ரப்பர் பந்தை அழுத்திப் பயிற்சி செய்கிறார், பலனில்லை. நடுவே, வயிறு எரிகிறது என்று ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை மூன்று வாரமாக நிறுத்திவிட்டார்.

அவர் கேட்பது: வலது மூளை இடது பக்கத்தைத்தானே இயக்கும், ரிப்போர்ட்டில் பக்கம் மாறிவிட்டதா? என் கைக்கு என்னதான் ஆயிற்று? தையலை விட்டுவிட வேண்டியதுதானா?

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிதத்தின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாத்திரையை நிறுத்தியது. மொத்தக் கடிதத்திலும் என்னைப் பதற வைத்தது அந்த வரிதான். அந்த மாத்திரை உங்கள் கை ஆட்டத்துக்கு அல்ல. இன்னொரு முறை அடைப்பு வராமல் தடுக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை அடைப்பு வந்தவருக்கு முதல் சில மாதங்களில் மறுபடி வரும் அபாயம் அதிகம். வயிறு எரிந்தால் அதற்கு வழி இருக்கிறது. வயிற்றைப் பாதுகாக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம், அல்லது மாத்திரையையே மாற்றலாம். இதைப் படித்தவுடன் உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரைத் தொடர்புகொண்டு, மூன்று வாரமாக நிறுத்தியிருப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். உறவினர் கொடுத்த பார்க்கின்சன் மாத்திரையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் பக்கம் மாறவில்லை

உங்கள் சந்தேகம் நியாயமானது. வலது மூளை இடது பக்கத்தை இயக்கும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் படித்து வந்திருக்கிறோம். அது பெருமூளைக்குச் சரி. சிறுமூளை தன் பக்கத்துக் கை காலையே கவனிக்கிறது. வலது சிறுமூளை அடிபட்டால் வலது கைதான் தடுமாறும். உங்கள் ரிப்போர்ட்டும் உங்கள் கையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். இரு காதுகளுக்கும் மேலாக, உச்சந்தலை வழியே ஒரு ரிப்பனைக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த ரிப்பனுக்கு அடியில் பெருமூளையின் மேல்பரப்பில் இருப்பதுதான் மோட்டார் கார்டெக்ஸ், தமிழில் இயக்கப் புறணி. 1870-இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் மூளையில் அந்தப் பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. 1930-களில் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்த நிலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளின் மூளையில் எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடமே போட்டார். அந்தப் படத்தில் முதுகுக்குக் கொஞ்சம் இடம்தான். விரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் தாராளமான இடம். நுணுக்கமான வேலை செய்யும் உறுப்புக்கு அதிக இடம் என்பதுதான் கணக்கு.

உங்கள் வலது கைக்கான கட்டளை இடது பெருமூளையில் பிறந்து கீழே இறங்கி, மூளைத் தண்டின் அடியில் முகுளத்தில் குறுக்கே கடந்து, வலப்பக்கத் தண்டுவடம் வழியாகக் கைக்கு வருகிறது. ஒவ்வொரு பக்கமும் இறங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பிழைகளில் பெரும்பாலானவை இப்படிக் கடக்கின்றன. இது ஒரு குறுக்கு. இடது பெருமூளை அந்தக் கட்டளையை அனுப்பும்போதே அதன் நகல் ஒன்றை வலது சிறுமூளைக்கும் அனுப்புகிறது. வலது சிறுமூளை அதைத் திருத்தி இடது பெருமூளைக்கே திருப்பி அனுப்புகிறது. இது இன்னொரு குறுக்கு. இரண்டு முறை கடந்ததால் பாதை புறப்பட்ட பக்கத்துக்கே வந்துவிடுகிறது. உங்கள் வலது சிறுமூளை, இடது பெருமூளை, வலது கை மூன்றும் ஒரே குழு.

முதல் நாள் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போனது பற்றியும் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாக ஏற்பட்ட அடைப்பு முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. சிறுமூளையைச் சுற்றித் தடித்த எலும்பு இருப்பதால் அந்த இடத்தில் படம் இன்னும் மங்கலாக வரும். அதனால் ஸ்கேன் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம். ஆனால் தலைசுற்றலோடு நிற்கவே முடியாமல் போனதும் பேச்சு குழறியதும் சேர்ந்திருந்தால், காது என்று சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது. அந்த அளவுக்கு உங்கள் வருத்தம் சரியே. அதை அடக்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

பலம் போகவில்லை, கணக்குத் தவறுகிறது

இப்போது உங்கள் கைக்கு வருவோம். கட்டளை போடும் இடது பெருமூளை நன்றாக இருக்கிறது. தண்டுவடம், நரம்பு, தசை எல்லாம் நன்றாக இருக்கின்றன. வாளியைத் தூக்க முடிகிறதே, அதுவே சாட்சி. எவ்வளவு விசையோடு, எந்த நொடியில் ஆரம்பித்து, எந்த நொடியில் நிறுத்துவது என்ற கணக்கில்தான் பிழை. வாளி தூக்க அந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. ஊசிக்கண்ணுக்குத் தேவை.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள், கணவரை வைத்தே செய்யலாம். அவர் உள்ளங்கையை விரித்து நீட்டி அதன் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொள்ளட்டும். அவர் கண்ணை மூடியிருக்கும்போது நீங்கள் அதைச் சட்டென்று எடுங்கள். அவர் கை மேலே துள்ளும். மறுபடி வைத்து, இந்த முறை அவரே தன் மற்றொரு கையால் புத்தகத்தை எடுக்கட்டும். கை ஆடாது. புத்தகம் தூக்கப்படும் அதே கணத்தில், பாரம் குறையப்போகிறது என்று மூளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தசையைத் தளர்த்திவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம். என்ன வரப்போகிறது என்பது முன்பே தெரிந்துவிடுவதால் கூச்சம் எழுவதில்லை.

இந்த முன்கணிப்பில் சிறுமூளைக்குத்தான் பெரும் பங்கு. அது ஏன் அவசியம் என்றால், கண் பார்த்துச் சொல்லும் செய்தி மூளைக்குப் போய், கையைத் திருத்தி முடிக்க ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை ஆகிறது. அதற்குள் வேகமாகப் போகும் கை இலக்கைத் தாண்டியிருக்கும். ஆகவே நல்ல தையல்காரரின் கை, கண் சொல்லும் வரை காத்திருப்பதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது கை புறப்படும்போதே கணக்கிடப்பட்டிருக்கும். உங்களுக்கு இப்போது அந்தக் கணக்கு சரியாக வருவதில்லை. அதனால் கண்ணை நம்பிக் கை திருத்துகிறது. திருத்தம் தாமதமாக வருகிறது, அதற்குள் கை தாண்டிவிடுகிறது. அதைத் திருத்தப் போனால் அந்தப் பக்கம் தாண்டுகிறது. இலக்கை நெருங்க நெருங்க ஆட்டம் கூடுவது இதனால்தான்.

28 வருடத் தையல் எங்கே சேமிக்கப்பட்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? அதில் கணிசமான பங்கு இந்தச் சின்ன உறுப்பில். மூளையின் எடையில் சிறுமூளை பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் மனித மூளையின் நரம்பணுக்களை எண்ணியபோது, மொத்தம் சுமார் 8,600 கோடியில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருந்தன. அதில் பர்கின்ஜி செல் என்று ஒரு வகை உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் இலை உதிர்ந்த மரத்தின் கிளைகளைத் தட்டையாக அழுத்தி வைத்ததுபோல இருக்கும். ஒவ்வொரு பர்கின்ஜி செல்லுக்கும் லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் செய்தி வருகிறது. இதற்கெல்லாம் மேலாக, ஒரே ஒரு தனி இழை அந்தக் கிளைகளைக் கொடிபோலச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. கை தவறும்போது “இது தவறு” என்று சொல்ல வரும் முக்கியச் செய்தி அந்த இழை வழியாக வருகிறது. தவறு வந்த இடத்தில் இணைப்பின் பலம் மாறுகிறது, அடுத்த முறை கை கொஞ்சம் சரியாகப் போகிறது. நீங்கள் முதன்முதலில் மெஷினில் உட்கார்ந்து, தையல் கோணலாக ஓடி, நூல் அறுந்து, மெல்ல மெல்ல நேரானதே, அப்போது உள்ளே நடந்தது இதுதான்.

முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைப் பார்த்த கார்டன் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர், சிறுமூளைக் காயங்களை மிகக் கவனமாக விவரித்திருக்கிறார். அவரிடம் ஒரு நோயாளி சொன்னது: இடது கை தானாக வேலை செய்துகொள்கிறது, வலது கையின் ஒவ்வோர் அசைவையும் நான் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மனிதர் சொன்னதும் உங்கள் கடிதமும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஒரு பட்டன் தைத்தாலே சோர்ந்து போவதன் காரணமும் இதில் இருக்கிறது. முன்பு யோசிக்காமல் செய்ததை இப்போது தையலுக்குத் தையல் யோசித்துச் செய்கிறீர்கள்.

கணவரிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். மனசு வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பயந்தால் ஆட்டம் கூடும், உண்மைதான். ஆனால் பயத்தால் வந்ததல்ல இது. உங்களை அவசரப்படுத்தினால் கை வேகமாகப் போகும், வேகம் கூடினால் கணக்கு இன்னும் பிசகும். அவர் செய்யக்கூடிய நல்ல உதவி, பக்கத்தில் நின்று பார்க்காமல் இருப்பதுதான்.

மூன்று பேரின் அளவுகளை மனதில் வைக்க முடியவில்லை என்றீர்களே, அதையும் வயதின் தலையில் போட்டுவிடாதீர்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்குத் திட்டமிடுவதிலும், ஒரே நேரத்தில் பலதைக் கவனிப்பதிலும், மனநிலையிலும் சிரமம் வரலாம் என்பதை 1998-இல் அமெரிக்க மருத்துவர்கள் தெளிவாக விவரித்தார்கள். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தாலும் பலருக்குக் குறைகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள், அழுகை அடிக்கடி வருவதையும் சொல்லுங்கள். அதுவரை ஒரு துணியை முழுதாக வெட்டி முடித்த பிறகே அடுத்ததை எடுங்கள், அளவுகளை எழுதி எதிரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பார்க்கின்சன் ஏன் இல்லை

பார்க்கின்சன் நடுக்கம், கை மடியில் சும்மா இருக்கும்போது வரும், வேலையில் இறங்கினால் பெரும்பாலும் அடங்கும். உங்களுக்கு நேர்மாறு. சும்மா இருக்கும் கை அமைதியாக இருக்கிறது, இலக்கை நோக்கிப் போகும்போதுதான் ஆடுகிறது. அந்த நோயில் குறைவது டோபமின் என்ற வேதிப்பொருள், பாதிப்பு இருக்கும் இடமும் மூளையில் வேறு. அந்த மாத்திரையால் உங்களுக்குப் பலன் இல்லை, குமட்டலும் கிறுகிறுப்பும் வரலாம். ஏற்கெனவே தள்ளாடுபவருக்கு அது விழுவதற்கு வழி. தூக்க மாத்திரைகளும், வலிப்புக்குத் தரும் சில மருந்துகளும் தள்ளாட்டத்தைக் கூட்டும் என்பதால், யார் எந்த மாத்திரை எழுதினாலும் உங்கள் சிறுமூளைப் பாதிப்பைச் சொல்லிவிடுங்கள்.

பந்தை விடுங்கள், மேசைக்கு வாருங்கள்

பந்து அழுத்துவது பலம் குறைந்த கைக்கான பயிற்சி. உங்கள் கையில் பலம் குறையவில்லை. நூறு முறை அழுத்தினால் கை களைக்கும், களைத்த கை இன்னும் ஆடும்.

உங்களுக்குத் தேவை ஒருங்கிணைப்புப் பயிற்சி. அதைப் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருவரும் சேர்ந்து உங்கள் தொழிலைப் பார்த்து அமைக்க வேண்டும். இதில் நம்பிக்கை வைக்கக் காரணம் உண்டு. சிறுமூளை மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போகும் நோய் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தீவிர ஒருங்கிணைப்புப் பயிற்சி கொடுத்து, நடையும் சமநிலையும் மேம்பட்டதை ஜெர்மனி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். உங்களுடையது தேய்ந்துகொண்டே போகும் நோய் அல்ல. ஒருமுறை நடந்து நின்றுபோன பாதிப்பு. சுற்றியுள்ள நல்ல பகுதி வேலையை ஓரளவு எடுத்துக்கொள்ள முடியும். வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் நடக்கும், அதன் பிறகும் மெதுவாகத் தொடரும். பத்தாவது வாரத்தில் இருக்கும் நீங்கள் இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சிறுமூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்கள் தப்பியிருந்தால் மீட்சி கூடுதலாக இருக்கும். அவை பாதிக்கப்பட்டிருந்தால் மெதுவாக இருக்கும். உங்கள் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து நரம்பியல் மருத்துவர் இதைச் சொல்ல முடியும், கேளுங்கள். படமும் ரிப்போர்ட்டும் உங்களுடையவை. பிரதி வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதிலும் தவறில்லை.

இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் பயிற்சி சுலபமாகும். ஒன்று, பல மூட்டுகள் ஒன்றாக அசையும்போதுதான் பிசகு அதிகம். தோள் அசைந்தால் முழங்கை தானாக இழுபடும், முழங்கை அசைந்தால் மணிக்கட்டு. இந்த இழுப்புகளை முன்கூட்டியே ஈடுசெய்வது சிறுமூளை. அதனால் மூட்டுகளைக் குறையுங்கள். மேசை மார்பு உயரத்தில் இருக்கட்டும். முழங்கையையும் முன்கையையும் அதன் மேல் அழுத்தி வைத்து, மணிக்கட்டும் விரலும் மட்டும் அசையட்டும். இன்னொன்று, கொஞ்சம் மென்மையாகச் சொல்ல வேண்டியது. தவறு செய்து செய்து தானாகத் திருந்தும் கற்றல் சிறுமூளையின் வேலை என்றேன். அதுதான் இப்போது குறைந்திருக்கிறது. ஆகவே ஊசிக்கண்ணில் நூறு முறை தவறினால் நூற்றோராவது முறை வந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். வந்தது, வரவில்லை என்று வெற்றியைப் பார்த்துக் கற்கும் இன்னொரு வழி மூளையில் உண்டு, சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடமும் அது பெருமளவு மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலும் வெற்றி கிடைக்கிற அளவுக்கு வேலையை எளிதாக்கி, அங்கிருந்து மெல்லக் கடினமாக்குங்கள். பெரிய துளையுள்ள மணிகளைத் தடித்த கயிற்றில் கோப்பது, பிறகு சணல் ஊசி, பிறகு எம்பிராய்டரி ஊசி என்று இறங்கி வாருங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. களைப்பு வந்த கணம் நிறுத்துங்கள்.

மணிக்கட்டில் எடை கட்டினால் ஆட்டம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். சிலருக்குக் குறைகிறது, சிலருக்குத் தாண்டுவது இன்னும் கூடுகிறது. தெரபிஸ்ட் முன்னிலையில் மட்டும் பாருங்கள்.

இடது கைக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதாக மாறினால் வலது கை பயன்படாமலே பின்தங்கிவிடும். வேலையைப் பங்குபோடுவது நல்லது. வலது கை பிடிக்கட்டும், இடது கை நகரட்டும். வலது கையில் ஊசியைப் பிடித்து அந்தக் கையை மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டு, நூலை இடது கையால் கொண்டுவாருங்கள். அசைய வேண்டிய பொருள் நல்ல கையில் இருந்தால் ஊசிக்கண் நின்ற இடத்தில் நிற்கும்.

தொழிலில் இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவை சில உண்டு. கத்தரியால் துணி வெட்டுவதையும் ஓவர்லாக் மெஷினையும் ஆறு மாதத்துக்காவது வேறொருவர் பார்க்கட்டும். நீங்கள் அளவு எடுங்கள், அளவைச் சொல்லுங்கள், தைத்ததைச் சரிபாருங்கள். 28 வருட அனுபவத்தின் பெரும்பகுதி அந்தக் கண்ணில் இருக்கிறது, அது போகவில்லை. இஸ்திரிப் பெட்டியை இடது கையால் பிடியுங்கள். மிதி மெஷினில் கால் தாளமும் கை நகர்த்தலும் ஒன்றாகச் சேர வேண்டியிருப்பதால் அது கடைசியில் வரட்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தி வைக்கக்கூடிய மோட்டார் மெஷினில், மிகக் குறைந்த வேகத்தில், பழைய துணியில் சாக்பீஸால் கோடு போட்டு அதன் மேல் ஓட்டிப் பழகுங்கள். வண்டி ஓட்டுவது மருத்துவர் சோதித்துச் சரி என்று சொல்லும் வரை வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நடையில் திரும்பும்போதுதான் அதிகம் விழுவார்கள். சட்டென்று திரும்பாமல் சிறு சிறு அடியாக வளைந்து திரும்புங்கள். இரவில் விளக்குப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். கழுத்தை நெட்டி முறித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அடியோடு விடுங்கள். சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பு முடிச்சுகளின் வழியே ஏறுகின்றன, வேகமான திருகலில் உட்சுவர் கிழிந்து அடைப்பு வந்தவர்கள் உண்டு. உங்களுக்கு அடைப்பு எதனால் வந்தது என்று கடிதத்தில் இல்லை. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கழுத்து ரத்தக்குழாய் எல்லாம் சோதித்தார்களா என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால்தான் தடுப்பு மருந்து சரியாக அமையும்.

குடித்திருக்கிறாரோ என்று பேசியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மதுவும் சிறுமூளையைத்தான் தாக்குகிறது, அதனால்தான் இரண்டு நடையும் ஒன்றுபோலத் தெரிகிறது. அவர்கள் பேசியது அநியாயம். ஆனால் நீங்கள் வீட்டுக்குள் அடைந்தால் நடைப் பயிற்சிதான் போகும். ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கலுக்கும் ஆகும், பார்ப்பவருக்கு உடல்நிலை என்று சொல்லாமலே புரியவும் செய்யும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் உங்கள் பாதிப்பைப் பற்றி இரண்டு வரி எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள்

ஸ்டெம் செல் ஊசியால் பாதிக்கப்பட்ட சிறுமூளை திரும்ப வளரும் என்பது நிரூபிக்கப்படவில்லை. தலையில் மெல்லிய மின்னோட்டம் கொடுக்கும் முறை ஆய்வில் இருக்கிறது, சிறிய ஆய்வுகளில் நல்ல அறிகுறிகளும் தெரிந்திருக்கின்றன. ஆனால் அதுவும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. யாராவது இவற்றைத் தர முன்வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே, எதற்காக என்னிடம் பணம் கேட்கிறீர்கள்? உண்மையான ஆய்வில் பங்கேற்பவரிடம் சோதனைச் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள். உங்கள் அடைப்புக்குப் பின் வந்த கை ஆட்டத்தை நிறுத்த நம்பகமான மாத்திரையும் இன்று இல்லை. உங்களிடம் இருக்கும் பணத்தை நல்ல தெரபிஸ்டிடம் செலவிடுங்கள்.

திடீர் தலைவலி, மீண்டும் வாந்தியோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகமோ கை காலோ ஒரு பக்கம் தளர்வது, காரணமில்லாத தூக்கக் கலக்கம், இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போடப்படுகிறது. “எனக்கு ஏற்கெனவே சிறுமூளையில் அடைப்பு வந்தது” என்பதை வாசலிலேயே சொல்லச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் பழக்கி வையுங்கள்.

கடைசியாக, மகளின் சட்டைப் பட்டன். அரை மணி நேரத்தில் நீங்கள் அதைத் தைத்து முடித்தீர்கள், பட்டன் நிற்கிறது. அடுத்த முறை பெரிய துளையுள்ள கோட்டுப் பட்டனாக எடுத்துக்கொள்ளுங்கள். துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி, வளையத்தை மேசையோடு கிளிப் போட்டு நிறுத்திவிடுங்கள். முன்கை மேசையில், நூல் ஏற்கெனவே கோத்த ஊசி வலது விரல்களில். கீழிருந்து மேலே ஒரு குத்து, நிறுத்தம், மூச்சு, பிறகு மேலிருந்து கீழே. எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை, அதே அளவுப் பட்டன், அதே துணி. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு எனக்கு எழுதுங்கள், நான் பார்க்க விரும்புகிறேன்.